காப்பீட்டுத் தொகையில் வீட்டுக் கடனை அடைத்துவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு நாக்கில் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இரண்டு மாதமாகிறது. தீவிர நோய்க் காப்பீட்டுப் பணம் மொத்தமாக வந்திருக்கிறது. வீட்டுக் கடன் பாக்கியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அடைத்துவிடலாமா?

பதில்: முழுவதையும் கடனில் போடாதீர்கள். வாய்ப் புற்றுநோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்தான் திரும்பும். அதனால் முதல் ஆண்டில் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் 2 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டு வரை 4 முதல் 8 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கொருமுறை பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். மருத்துவர் கட்டணம், போக்குவரத்து, துணைக்குப் போகும் உங்கள் ஒருநாள் சம்பளம் மூன்றையும் கூட்டி, மாதம் ஒருமுறை என்றே வைத்து முதல் ஆண்டுக்கு 12ஆல் பெருக்குங்கள். கழுத்தில் கதிர்வீச்சு பட்டிருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஸ்கேன் ஒவ்வொரு முறையும் தேவைப்படாது. எழுதிக் கொடுத்தால், எதற்காக என்று கேட்பதில் தவறில்லை.

பலர் கணக்கில் விட்டுவிடுவது பல் செலவை. கதிர்வீச்சால் உமிழ்நீர் வற்றும். உமிழ்நீர் இல்லாத வாயில் பற்கள் வேரோரமாக மளமளவென்று சொத்தையாகும். அப்படிக் கெட்ட பல்லைப் பிடுங்கினால், கதிர்வீச்சு பட்ட தாடையில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதைச் சரிசெய்யத் தாடை அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். தினமும் போடும் ஃபுளோரைடு ஜெல், ஆறு மாதத்துக்கொரு பல் பரிசோதனை, இவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இது ஆயுள் முழுக்க வரும் செலவு. மருத்துவக் காப்பீடு 'பல் சிகிச்சை' என்று நிராகரிக்கலாம். 'கதிர்வீச்சின் பின்விளைவு' என்று புற்றுநோய் மருத்துவரிடம் கடிதம் வாங்கி இணையுங்கள். வாய் மூன்று விரல் அகலம் திறக்கவில்லை என்றால் தாடைப் பயிற்சிக்கும் பணம் ஒதுக்குங்கள். தள்ளிப்போட்டால் தாடை இன்னும் இறுகும்.

ஆக, இரண்டு ஆண்டுப் பரிசோதனைச் செலவு, பல் செலவு, ஓராண்டுக் குடும்பச் செலவு, ஓராண்டுத் தவணை, இவ்வளவையும் தனியே எடுத்து வையுங்கள். பாதி சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியை மூன்று மாத இடைவெளியில் முதிரும் சிறு வைப்புகளாகப் பிரியுங்கள். இரண்டு, மூன்று வாரமாக ஆறாத புண், கழுத்தில் கட்டி, விடாத காதுவலி வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும்.

இதற்குமேல் மிஞ்சினால் கடனில் கட்டுங்கள். வழக்கமாகக் காலத்தைக் குறைக்கச் சொல்வேன். அவர் எப்போது வேலைக்குத் திரும்புவார் என்று தெரியாத உங்கள் வீட்டில் மாதத் தவணையைக் குறைப்பதே மேல். முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

அவருடைய வங்கிக் கணக்கில் உங்கள் பெயரையும் சேருங்கள். நாக்கில் அறுவை ஆனவர் பேசுவது தொலைபேசியில் பிடிபடாமல், வங்கியின் குரல்வழிச் சரிபார்ப்பில் சிக்கல் வரும். இருக்கும் மருத்துவக் காப்பீட்டின் புதுப்பிப்புத் தேதியைத் தவறவிடாதீர்கள். இந்த நோய்க்குப் பிறகு புதிதாக எடுப்பது மிகக் கடினம்.