எழுதத் தெரியும், வரையத் தெரியாது

வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். இடப்பெயர்வுக் காலத்தைப் பின்னணியாக வைத்து, இருநூறு பக்கச் சித்திரக்கதை ஒன்றுக்கான எழுத்துருவை, அதாவது காட்சிகளும் உரையாடலும் அடங்கிய எழுத்துப் பிரதியை, முடித்து வைத்திருக்கிறேன். எனக்கு வரையத் தெரியாது. தமிழகத்திலும் வெளிநாட்டிலும் உள்ள பதிப்பகங்கள் சிலவற்றுக்கு அதை அனுப்பினேன். ஒன்றிலிருந்தேனும் பதில் வரவில்லை. குறை கதையிலா, என்னிலா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: தங்கள் எழுத்துருவை எவரும் வாசித்திருக்கமாட்டார்கள் என்பதே என் ஊகம். ஆகவே அதன் குறைநிறை பற்றிய கேள்விக்கு இன்னும் இடமே வரவில்லை. ஓவியர் ஒருவர் தமது பக்கங்களை மேசையில் விரித்தால், கொள்வதா தள்ளுவதா என்று ஆசிரியர் ஒரு நிமிடத்தில் தீர்மானித்துவிடுவார். எழுத்துருவையோ முழுவதும் வாசிக்க வேண்டும். வாசித்த பின்னரும், அது படமானால் எப்படியிருக்கும் என்பதைத் தாமே மனத்தில் வரைந்து பார்க்க வேண்டும். அவ்வளவு பொறுமையும் நேரமும் உள்ள ஆசிரியர்கள் மிகச் சிலரே.

தமிழில் நிலைமை இன்னும் இறுக்கமானது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸையும் வாசித்து வளர்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகளின் உரிமையை வாங்கித் தமிழில் தருபவை. இரும்புக்கை மாயாவி பிரித்தானியாவிலிருந்தும் டெக்ஸ் வில்லர் இத்தாலியிலிருந்தும் வந்தவர்கள். வரைந்து முடித்த கதை கைக்குக் கிடைக்கும்போது, பெயர் தெரியாத எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் பணம் கொடுத்து வருடக்கணக்கில் காத்திருக்குமாறு ஒரு பதிப்பாளரிடம் நாம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அமெரிக்காவின் மார்வெல், டிசி ஆகிய சித்திரக்கதை நிறுவனங்கள் தாம் கேளாமல் வரும் எழுத்துருக்களைப் பார்ப்பதில்லை. பின்னாளில் அதே சாயலில் ஒரு கதை வெளிவந்தால் கருவைத் திருடிவிட்டதாக வழக்கு வரலாம் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். வேறிடத்தில் எழுதிப் பெயர் பெற்றவரை அவர்களே அழைத்துக்கொள்வார்கள். ஓவியர்கள் சிலர் கூடி 1992இல் தொடங்கிய இமேஜ் நிறுவனம் புதியவர்களின் முன்மொழிவுகளைப் பார்ப்பதுண்டு. எனினும் கதைச் சுருக்கத்தோடு, முற்றாக வரைந்து முடித்த பக்கங்கள் சிலவும் சேர்ந்திருக்க வேண்டும். எழுத்தாளருக்கு ஓவியரைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பை அது ஏற்பதில்லை.

ஆகவே, தாங்கள் முதலில் தேட வேண்டியவர் ஓவியர். பதிப்பாளரைத் தேடுவது அதன் பின்னரே. இதற்கு அமெரிக்கச் சித்திரக்கதை எழுத்தாளர் ஹார்வி பீக்கரின் கதையை அறிந்துகொள்வது நல்லது. கிளீவ்லன்ட் நகரில், முன்னாள் படையினருக்கான அரச மருத்துவமனையில் கோப்புகளைப் பராமரிக்கும் எழுதுவினைஞராக இருந்த அவருக்கு வரையவே வராது. தாளைச் சட்டகங்களாக (ஒவ்வொரு படத்துக்குமான கட்டங்களாக) பிரித்து, குச்சி மனிதர்களைக் கீறி, தலைக்கு மேலே உரையாடலை எழுதி, இசைத்தட்டுச் சேகரிப்பின் மூலம் நண்பரான ஓவியர் ரொபர்ட் கிரம்மிடம் காட்டினார். கிரம் தாமே வரைந்து தருவதாகச் சொன்னார். 1976இல் 'அமெரிக்கன் ஸ்பிளெண்டர்' முதல் இதழ் பீக்கரின் சொந்தச் செலவில் வெளிவந்தது. பெயர் பரவிய பின்னரும், ஓய்வுபெறும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை. (ஓய்வூதியம் உள்ள உத்தியோகத்தை விட்டுவிடலாமா என்று தாங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.)

இருநூறு பக்கத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள்; அதிலிருந்து நான்கு பக்கத்தில் முடியும் ஒரு சம்பவத்தைப் பிரித்தெடுங்கள். 1977 முதல் வெளிவரும் பிரித்தானியாவின் '2000 ஏடி' சித்திரக்கதை இதழ், புதிய எழுத்தாளர்களைப் பெரும்பாலும் சில பக்கங்களில் முடிந்துவிடும் தனிக்கதைகளின் மூலமே சோதித்துப் பார்த்தது. பின்னாளில் பெயர் பெற்ற அலன் மூர், நீல் கெய்மன், கிராண்ட் மொரிசன் ஆகியோர் ஆரம்ப காலத்தில் அத்தகைய கதைகளை அங்கே எழுதியவர்களே. நான்கு பக்கத்தை வரைந்து தர ஓர் ஓவியர் உடன்படுவார். இருநூறு பக்கம் என்று கேட்டதுமே அவர் தொலைபேசியை எடுக்காமல் விட்டுவிடுவார்.

எழுத்துருவில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "கமலா எழுந்து, கதவைத் திறந்து, படலையடியில் நிற்கும் தபாற்காரரிடம் கடிதத்தை வாங்குகிறாள்" என்று எழுதி, அதைச் 'சட்டகம் 2' என்று குறித்திருப்பார்கள். சிறுகதையில் அது ஒரு வாக்கியம். சித்திரக்கதையில் ஒரு சட்டகத்துக்குள் ஓர் அசைவு மட்டுமே அடங்கும். எழுவது, திறப்பது, வாங்குவது எல்லாம் சேர்ந்தால் ஓவியர் எதை வரைவார்? படலைக்கு மேலாக நீளும் தபாற்காரரின் கையையும் அதிலுள்ள கடிதத்தையும் மட்டும் காட்டினால், மற்ற இரண்டையும் வாசகரே ஊகித்துக்கொள்வார். எந்தக் கணத்தைக் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்ற தெரிவே இந்த எழுத்தின் பெரும்பகுதி. உரையாடலும் அப்படித்தான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பேச்சுக் குமிழுக்குள் "போய்க்கொண்டிருக்கிறார்களாம்" என்ற ஒரு சொல்லே இரண்டு வரியாக உடையும். "என்ன, வெளிக்கிட்டாச்சோ?" என்ற நம்முடைய பேச்சு அதற்குள் அழகாகப் பொருந்தும்.

கேள்வி: ஓவியருக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டுமா? இலாபத்தில் பாதி தருவதாகச் சொன்னால் போதாதா?
– வாசகி, உரும்பிராய்

பதில்: இலாபமே வராத துறையில் அதன் பாதியால் யாருக்கு என்ன பயன்? பென்சில், மை, வண்ணம், எழுத்து எல்லாம் சேர்ந்தால் ஒரு பக்கம் ஓவியரின் ஒரு நாளையேனும் விழுங்கும். நான்கு பக்கத்துக்குச் சிறு தொகையேனும் கொடுங்கள். யாருடைய பெயர் எங்கே வரும், மறுபதிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கூட்டாக ஆக்கிய படைப்பின் பொருளாதார உரிமை, அவர்களில் கடைசியாக இறப்பவரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிக்கும். எழுதி வைக்காவிட்டால் பிள்ளைகள் காலம்வரை செல்லக்கூடிய பிணக்கு அது. சுப்பர்மேனை உருவாக்கிய எழுத்தாளர் ஜெரி சீகலும் ஓவியர் ஜோ ஷுஸ்டரும் 1938இல் 130 டொலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பல பத்தாண்டுகள் வழக்காடினார்கள்.

கேள்வி: சிரித்திரன் போன்ற நகைச்சுவை இதழ் இன்று இல்லையே. எழுதியதை எங்கே வெளியிடுவது?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: 1963இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த சிரித்திரனில், ஆசிரியர் 'சுந்தர்' சிவஞானசுந்தரம் தாமே எழுதித் தாமே வரைந்தார். சவாரித்தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை உருவாக்க அவருக்கு இன்னொருவரின் கை தேவைப்படவில்லை. எழுத மட்டும் தெரிந்தவருக்கு அன்றும் இங்கே தனி ஆசனம் இருக்கவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

இன்று மருதனார்மடத்தில் சித்திரம் பயிலும் பல்கலைக்கழக மாணவர்களிடம் செல்லுங்கள். கதையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் அங்கே இருப்பார்கள். சுகாதாரம், கண்ணிவெடி அபாயம் போன்றவை பற்றித் தொண்டு நிறுவனங்கள் வெளியிடும் படக் கையேடுகளுக்கும் எழுத்தாளர் தேவை. அது இலக்கியமாகாது, ஆனால் பயிற்சியும் ஊதியமும் ஒன்றாகக் கிடைக்கும் இடம். வெப்டூன் என்ற இணையச் சித்திரக்கதைத் தளத்தின் கான்வாஸ் பகுதியில் எவரும் தமது கதையைத் தாமே பதிவேற்றலாம். அச்சில்தான் வேண்டுமென்றால், நடுவில் கம்பி அடிக்கும் சிறு நூலாக வெளியிடுங்கள். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் அட்டையோடு சேர்த்து 16 பக்கம் என்று திட்டமிட்டு, அச்சகத்தில் விலை கேட்ட பின்னரே எழுத்துருவின் நீளத்தை முடிவுசெய்யுங்கள்.