பி.இ. சிவில் படித்தவர் நகரமைப்பில் எம்.பிளான் சேரலாமா?

கேள்வி: காரைக்குடியில் பி.இ. சிவில் முடித்துவிட்டு, வீட்டு பிளான் வரைந்து அப்ரூவலுக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நகரமைப்பில் எம்.பிளான் என்ற முதுநிலைப் படிப்பைப் படிக்க ஆசை. ஆர்க்கிடெக்சர் படித்தவர்களுக்குத்தான் இடம் கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா? சேரவும் முடிக்கவும் என்னென்ன வேண்டும்?
– தேவகோட்டை வாசகி

பதில்: உண்மையில்லை. பி.ஆர்க்., பி.பிளான் படித்தவர்களைப் போலவே சிவில் படித்தவர்களும் எம்.பிளானுக்கு விண்ணப்பிக்கலாம். புவியியல், பொருளியல், சமூகவியலில் எம்.ஏ. முடித்தவர்களைக்கூடப் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன.

தமிழ்நாட்டுக்குள்ளேயே படிக்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது சென்னை அண்ணா பல்கலைக்கழகம். மாநில அளவிலான சீட்டா பிஜி நுழைவுத்தேர்வு அல்லது தேசிய அளவிலான கேட் தேர்வின் மதிப்பெண் தேவை. வெளியே போகலாம் என்று வீட்டில் சம்மதித்தால் டெல்லி, போபால், விஜயவாடாவில் எஸ்.பி.ஏ. (திட்டமிடல், கட்டடக்கலைக்கான மத்திய அரசுக் கல்வி நிறுவனம்) இருக்கிறது, கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.கள், கோழிக்கோடு என்.ஐ.டி. என்று வாய்ப்புகள் விரியும். அங்கெல்லாம் கேட்தான் முக்கியம். எஸ்.பி.ஏ., என்.ஐ.டி. இடங்கள் சிசிஎம்டி என்ற தேசியப் பொதுக் கலந்தாய்வு மூலம் நிரப்பப்படுகின்றன. பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினருக்கு 60 சதவீதம் அல்லது 6.5 சிஜிபிஏ, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 55 சதவீதம் அல்லது 6.0 கேட்பார்கள்.

கேட் தேர்வில் எந்தத் தாளை எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எந்தத் தாளின் மதிப்பெண்ணை ஏற்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் போக விரும்பும் இடங்களின் பட்டியலை முதலில் போட்டு, அவற்றின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தாளை முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் தாளை எடுத்து, அதில் விருப்பப் பகுதியாக பிளானிங்கைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். அதற்காகப் படிக்கும் வீட்டுவசதி, போக்குவரத்து, திட்டமிடல் சட்டங்கள் எல்லாம் முதல் செமஸ்டரில் அப்படியே கைகொடுக்கும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும்.

சரி, சேர்ந்த பிறகு? 2 ஆண்டுகள், 4 செமஸ்டர். வகுப்புப் பாடங்களைவிட அதிக நேரத்தை எடுத்துக்கொள்வது ஸ்டூடியோ, அதாவது ஓர் இடத்துக்குத் திட்டம் தயாரிக்கும் செய்முறை வகுப்பு. ஒரு பகுதி, ஒரு முழு நகரம், அப்புறம் ஒரு வட்டாரம் என்று களம் படிப்படியாகப் பெரிதாகும். குழுவாகப் போய் சர்வே எடுத்து, வரைபடமாக்கி, திட்டம் எழுதி, ஜூரி எனப்படும் மதிப்பீட்டுக் குழு முன்னால் நின்று ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் பயிற்சி. கடைசி செமஸ்டரில் தீசிஸ் என்ற ஆய்வேடு.

சிவில் படித்தவர்கள் திணறுவது கணக்கில் அல்ல. ஒரு மனைக்குள் செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி), தளப்பரப்பு என்று பார்த்துப் பழகிய கண், அந்த மனைக்கு வெளியே இருக்கிற ஊரைப் பார்க்க மறுக்கும். அந்தப் பழக்கத்தை மாற்ற உங்களுக்கு வாய்த்த இடம் மாதிரி வேறு பலருக்கு வாய்க்காது. செட்டிநாட்டு ஊர்கள் நேர் நேரான தெருக்களோடு திட்டமிட்டுக் கட்டப்பட்டவை. முன்தெருவில் தொடங்கும் வீடு பின்தெருவில் முடிகிறது. மழைநீர் ஊரணிக்குப் போய்ச் சேர வழி வைத்திருக்கிறார்கள். 2014இல் இந்த ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் ஏறின. 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. வளரும் நகரமும் காக்க வேண்டிய ஊர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள், எது பூட்டிக் கிடக்கிறது, எது ஹோட்டலாகிவிட்டது, எது இடிபட்டு மனையாகிவிட்டது என்று குறித்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஏற்றுங்கள். அப்புறம் ஏன் என்று கேளுங்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். பராமரிப்புச் செலவை யார் ஏற்பது? இடித்தால் தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் காசு கிடைக்கிறது. வைத்திருந்தால் என்ன கிடைக்கிறது? ஊரணிக்கு வரும் வரத்துக்காலை மறித்து லேஅவுட் போட்டால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும்? சொத்துரிமை, நிலமதிப்பு, வடிகால், சுற்றுலா எல்லாம் ஒரே தெருவில் பின்னிக் கிடப்பது தெரியும். ஜூரி உங்களிடம் எதிர்பார்ப்பது இந்தப் பார்வையைத்தான். நேர்முகம் வைக்கும் நிறுவனங்களிலும் இந்த வரைபடத்தைக் காட்டிப் பேசலாம். அழகான ட்ராயிங் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஐ.டி.பி.ஐ. எனப்படும் இந்திய நகரமைப்பாளர்கள் நிறுவனத்தின் அங்கீகாரம் அதற்கு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். முடித்த பிறகு அதன் அசோசியேட் உறுப்பினராக அந்த அங்கீகாரம் உதவும். அரசு வேலைதான் குறி என்றால், நகர் ஊரமைப்புத் துறையின் உதவி இயக்குநர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி வெளியிட்ட பழைய அறிவிப்பை எடுத்து, அதன் கல்வித் தகுதியோடு நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் பெயரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்டால், மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் தேவை, அனுமதிக்கப்பட்டவை 4,000-க்கும் குறைவு, அதிலும் பாதி காலி என்று நிதி ஆயோக் 2021இல் சொன்னதைக் காட்டுங்கள்.

இடம் உறுதியாகும்வரை இப்போதைய வேலையை விட வேண்டாம். அப்ரூவல் மறுக்கப்பட்டுத் திரும்பி வரும் ஒவ்வொரு கோப்பிலும், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவு, 2019 கட்டட விதிகளின் எந்த விதி காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திட்டமிடல் சட்டப் பாடத்துக்கு அந்த நோட்டே பாதித் தயாரிப்பு.