நினைவு மலரில் அம்மாவைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: எங்கள் அம்மா போன மாதம் 84 வயதில், தூக்கத்திலேயே அமைதியாகக் கர்த்தரிடம் போனார்கள். முப்பதாம் நாள் ஜெபத்துக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சிடுகிறோம். அண்ணன் எழுதித் தந்ததில் ‘பக்தியுள்ள தாய், ஜெபவீராங்கனை’ என்றெல்லாம் இருக்கிறது. படித்தால் அம்மா கண்முன் வரவில்லை. கடைசி மூன்று வருடம் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலேயே இருந்தார்கள். அதை எழுத வேண்டாம் என்கிறார் அண்ணன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, சாயர்புரம்

பதில்: அந்த மூன்று வருடத்தைக் கட்டாயம் எழுதுங்கள் அம்மா. அதை விட்டுவிட்டால் உங்கள் அம்மாவின் விசுவாசத்தில் பாதியை விட்டதுபோல ஆகிவிடும்.

உங்கள் பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியில்தான் டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்தில் 1867-ல் பிறந்து, 1895-ல் இந்தியாவுக்கு வந்த மிஷனரி எமி கார்மைக்கேல் ஊழியம் செய்த இடம் அது. வந்தபிறகு அவர் சொந்த ஊர் திரும்பவே இல்லை. கோயிலுக்குப் பொட்டுக்கட்டவிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1931 அக்டோபரில் களக்காட்டில், மருத்துவ ஊழியத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனபோது, புதிதாக வெட்டிய குழியில் விழுந்து கால் முறிந்தது. அது பழையபடி குணமாகவே இல்லை. ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் ஒரே அறையில். ஓடியாடிய காலத்தைவிட இந்த வருடங்கள்தான் என்னை அதிகம் தொடுகின்றன. நோயாளிகளுக்காக நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதியவை அவருக்கு ஆறுதல் தரவில்லை. அதனால் வலியில் படுத்திருந்த அவரே, வலியில் படுத்திருப்பவர்களுக்காக எழுதினார். வலியே இல்லை என்று நடிக்கவில்லை. 1951 ஜனவரி 18 அன்று, 83 வயதில் இறந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, தாங்கள் கூப்பிட்டபடியே ‘அம்மை’ என்று பொறித்தார்கள். பட்டம், பதவி, ஆங்கில அரசு தந்த கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் எதுவும் அதில் இல்லை.

சரி, உங்கள் மலருக்கு வருவோம். முதலில் அம்மாவின் வேதாகமத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். நாசரேத் பக்கத்தில் இருந்த என் அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை நூலால் கோத்து, பின்பக்கம் ஜெபக் குறிப்பு எழுதுவார்கள். அவர்கள் போனபிறகு அதை நான்தான் பிரித்தேன். ‘பால்காரர் மகளுக்கு நர்சிங் சீட்.’ ‘எதிர்வீட்டு எருமை பால் வற்றிவிட்டது.’ ‘சபைக் குட்டியார் இருமல்.’ (குட்டியார் என்றால் சபையின் பணியாளர்.) நடந்த காரியத்தின்மேல் ஒரு கோடு, ஓரத்தில் தேதி. கோடு விழாத ஒன்று பல வருடத் தாள்களில் திரும்பத் திரும்ப வந்தது: வீட்டைவிட்டுப் போன தன் தம்பியின் பெயர். ‘ஜெபவீராங்கனை’ என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் அந்தத் தாள்களுக்கு ஈடாகுமா? உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும். கைப்பிடி அரிசிக் கலயம், ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் காசு சேர்த்த டப்பா, ஓரம் கிழிந்த பாமாலைப் பாட்டுப் புத்தகம். அப்புறம், அக்கம்பக்கத்தாரிடமும் கேளுங்கள். சபைக்கு வெளியே இருப்பவர்கள் சொல்வது இன்னும் நன்றாக இருக்கும்.

படுக்கையில் இருந்த நாட்களில் யார் புரட்டிப் படுக்கவைத்தது, புண்ணுக்கு மருந்து போட்டது யார் என்பதையும் எழுதுங்கள். அது மருமகளாக இருந்தாலும் சரி, கூலிக்கு வந்த பெண்ணாக இருந்தாலும் சரி, பெயரோடு எழுதுங்கள். வலி தாங்காமல் அம்மா அழுத இரவு உண்டென்றால் அதையும் மறைக்க வேண்டாம். சங்கீதக்காரரே அழுதிருக்கிறார்.

மரணத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் கவனம். யாரும் பார்க்காத தரிசனத்தையும் யாரும் கேட்காத கடைசி வார்த்தையையும் சேர்த்துவிடாதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் என்ன சாப்பிட்டார்கள், ராத்திரி ஜெபத்தில் எந்தப் பாட்டு, விளக்கை அணைத்தது யார், காலையில் முதலில் பார்த்தது யார். நடந்தது அவ்வளவுதானா? அவ்வளவையும் எழுதினால் போதும். ‘சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்’ என்று வரும் 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைக் கீழே போடுங்கள், பொருத்தமாக இருக்கும்.

அண்ணனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, சின்ன வயதில் அம்மா தன்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனதை எழுதச் சொல்லுங்கள். எழுத உட்கார்ந்தால் அவருக்கே நிறைய ஞாபகம் வரும். அச்சுக்குக் கொடுக்கும் முன் பிறந்த தேதியைச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் சரிபார்த்துவிடுங்கள். அந்தத் தலைமுறைக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதியும் பதிவேட்டில் வேறொரு தேதியும் இருப்பது சகஜம்.