“எல்லாத்தையும் எடுத்தாச்சே, கரண்ட் எதுக்கு?”

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. நாக்கின் இடது ஓரத்தில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கழுத்தில் எடுத்த 24 நெறிக்கட்டிகளில் ஒன்றில் மட்டும் நோய் இருந்ததாம். இப்போது கதிர்வீச்சும் வேண்டும் என்கிறார்கள். “எல்லாத்தையும்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்குக் கரண்ட் வைக்கணும்?” என்று அப்பா மறுக்கிறார். ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன், டாக்டர்.
- வாசகி, ஈரோடு

பதில்: அப்பா கேட்பது நியாயமான கேள்விதான். கட்டி சிறியதாக, ஓரம் சுத்தமாக, நெறிக்கட்டி எதிலும் நோய் இல்லாமல் இருந்தவர்களை ‘கதிர்வீச்சு வேண்டாம், மாதாமாதம் வந்து காட்டுங்கள்’ என்று நானே அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் ரிப்போர்ட் அப்படி இல்லை.

நோய்க்கும் வெட்டிய ஓரத்துக்கும் இடையே 5 மில்லிமீட்டராவது நல்ல சதை இருந்தால் நிம்மதி. இவருக்கு 4தான். ஒரு நெறிக்கட்டியிலும் நோய். இவை இரண்டை மட்டும் வைத்து என்றால் நானும் யோசித்திருப்பேன். என்னை முடிவெடுக்க வைத்தது, நரம்பைச் சுற்றிப் புற்றணுக்கள் இருப்பதாகச் சொல்லும் அந்த ஒரு வரி. நரம்பைப் பிடித்துக்கொண்டு அவை கத்தி எட்டாத இடத்துக்கும் போயிருக்கலாம். கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எடுத்தாச்சு என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கதிர்வீச்சு அவசியம்.

நெறிக்கட்டியின் உறையைத் தாண்டி நோய் வெளியே வரவில்லை என்பது பெரிய ஆறுதல். வந்திருந்தால் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்த்து ஏற்ற வேண்டியிருக்கும். 2004-ல் வெளியான இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு அதுதான் வழக்கம்.

பெயர்தான் கரண்ட், ஷாக் எதுவும் அடிக்காது. எக்ஸ்ரே எடுப்பது போலப் படுத்திருந்தால் சில நிமிடம். வழக்கமாக வாரம் 5 நாள், 6 வாரம், மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஆனால் சிரமமே இருக்காது என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் வாய் புண்ணாகும், எச்சில் வற்றும், ருசி போகும். கஞ்சி, இளநீர் என்று ஓட்ட வேண்டியிருக்கும்.

இந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டுங்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்குவதென்றால் இப்போதே பிடுங்க வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு. பிடுங்கிய இடம் ஆற இரண்டு வாரம். ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும். அதில் மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது.