மலைக்கு எத்தனை தட்டு?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆறு வயது நிறைந்திருக்கிறது. கோத்தகிரியிலிருந்து உள்ளே தள்ளி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வீடு இருப்பதாலும் வேறு சில காரணங்களாலும் அவளுக்கு வீட்டிலேயே கற்பித்து வருகிறோம். எழுத்துகளை அடையாளம் கண்டுகொள்கிறாள். நீளமான சொல்லைப் பார்த்தால் மட்டும் மலைத்து நின்றுவிடுகிறாள். சொல்லைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கைதட்டச் சொல்லித் தரலாம் என்று தொடங்கினேன். 'அம்மா' என்பதற்கு மூன்று முறை தட்டுகிறாள். 'தேயிலை'யைத் 'தே, இலை' என்று பிரிக்கிறாள். போதாக்குறைக்கு, ஓய்வு பெற்ற தமிழாசிரியரான என் மாமனார், 'மலை என்பது ஒரே அசை, அதற்கு இரண்டு முறை தட்டச் சொல்வது தவறு' என்கிறார். யார் சொல்வது சரி? இதை எந்த முறையில் கற்பிப்பது?
ஒரு தாய், கோத்தகிரி.

பதில்: உங்கள் மாமனார் சொல்வதும் சரி, நீங்கள் செய்வதும் சரி. இருவரும் வெவ்வேறு அளவுகோல்களைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் சிக்கல்.

அவர் சொல்வது யாப்பிலக்கணத்தின் அசை. அங்கே குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும், ஒற்று, அதாவது புள்ளி எழுத்து, அடுத்து வந்தாலும் நேரசை. இரண்டு குறில் இணைந்தோ, குறிலை அடுத்து நெடில் இணைந்தோ, ஒற்றில்லாமலும் ஒற்றடுத்தும் வந்தால் நிரையசை. அந்தக் கணக்கில் 'மலை' ஒரே நிரையசைதான். 'கோத்தகிரி' என்பதை அவர் 'கோத், தகி, ரி' என்று மூன்றாகப் பிரித்து, நேர் நிரை நேர், அந்த வரிசைக்கு வாய்பாட்டுப் பெயர் கூவிளங்காய் என்பார். 'உதகமண்டலம்' என்றால் 'உத, கமண், டலம்' என்று மூன்று நிரையசைகளாகப் பிரித்துக் கருவிளங்கனி என்று வாய்பாடும் சொல்லிவிடுவார். பாட்டின் ஓசையை அளப்பதற்கென்று அமைந்த கணக்கு இது. குறளை அலகிட்டு வாய்பாடு எழுத வேண்டிய மேல்வகுப்பு வரும்போது உங்கள் மகளுக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார். நீங்கள் இப்போது தேடுவதோ, ஒரு மூச்சுத் துடிப்பில் வாய் எவ்வளவு ஒலியைச் சேர்த்து உச்சரிக்கிறது என்பதைக் குழந்தை தானே உணர்ந்துகொள்வதற்கான பிரிப்பு. அதில் 'மலை'க்கு இரண்டு, 'கோத்தகிரி'க்கு நான்கு, 'உதகமண்டலம்' என்பதற்கு ஆறு. மொழியியலார் இதையும் அசை என்றே சொல்வதால்தான் வீட்டில் வாக்குவாதம் வருகிறது. குழந்தையிடம் அசை என்ற சொல்லையே எடுக்காமல் 'தட்டு' என்று சொல்லுங்கள். 'இந்தச் சொல்லுக்கு எத்தனை தட்டு?' என்று கேட்டால் மாமனாரும் மறுப்புச் சொல்லமாட்டார்.

இனி முறைக்கு வருவோம். தமிழில் இந்த வேலை பிற மொழிகளில் இருப்பதைப் போலக் கடினமானதன்று. ஏனெனில் நம் உயிரெழுத்தும் உயிர்மெய் எழுத்தும் ஒவ்வொன்றும் தானாகவே ஒரு தட்டு. தனியாக ஒலிக்க முடியாமல் பிறிதொன்றைச் சார்ந்து நிற்பது புள்ளி வைத்த எழுத்தும், அரிதாக வரும் ஆய்தமும் மட்டுமே. அவை எப்போதும் தமக்கு முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், பின்னால் வருவதோடு ஒட்டா. ஆகவே ஒரு சொல்லில் புள்ளியில்லாத எழுத்துகள் எத்தனையோ, தட்டும் அத்தனை. 'பள்ளிக்கூடம்' என்பதில் ஏழு எழுத்துகள்; புள்ளி பெற்றவை மூன்று; மிச்சம் நான்கு தட்டு: பள், ளிக், கூ, டம். நீங்கள் கற்பிக்க வேண்டியது உண்மையில் இந்த ஒன்றைத்தான்: புள்ளி எழுத்து முன்னவர் கையைப் பிடித்துக்கொள்ளும். இதை விதியாகச் சொல்லாமல் வாயால் உணர வைக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் மகள் 'அம்மா'வுக்கு மூன்று முறை தட்டுவதற்குக் காரணம், அவள் காதால் கேட்டுத் தட்டவில்லை, கண்ணால் எழுத்தை எண்ணித் தட்டுகிறாள் என்பதே. எழுத்தறிமுகம் ஆன குழந்தைகள் பெரும்பாலோர் இப்படித்தான் செய்வார்கள். நான் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பு எடுத்த காலத்தில், எழுத்தட்டைகளை எல்லாம் எடுத்து மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவர் உதட்டை ஒருவர் பார்க்கச் சொல்வேன். 'அம்மா' என்று மிக மெதுவாகச் சொல்லும்போது, 'அ' என்று திறந்த வாய் உடனே மூடிக்கொள்கிறது. உதடுகள் ஒட்டியபடியே சிறிது நேரம் நிற்கின்றன. அதன்பின் 'மா' என்று திறக்கின்றன. திறந்து மூடியது ஒரு தட்டு, மறுபடி திறந்தது ஒரு தட்டு. நடுவில் மூடியிருந்த நேரத்துக்குத் தட்டு கிடையாது, அப்போது கைகளும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கட்டும் என்று சொன்னால் போதும். 'ம்' என்பதற்குத் தனியாகத் தட்ட முயலும் பிள்ளைக்கு, மூடிய வாயோடு தட்ட வேண்டியிருப்பது தானே வேடிக்கையாகப் படும், சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும். உதட்டில் பிறக்கும் 'ப', 'ம' உள்ள சொற்களை முதலில் எடுங்கள்: அப்பா, தம்பி, பாம்பு, கம்பளி. வாய்க்குள் நாக்கு செய்வதைக் குழந்தையால் பார்க்க முடியாது என்பதால் 'வெள்ளை', 'பன்றி' போன்றவை பிறகு வரட்டும்.

'தேயிலை'யில் அவள் செய்தது தவறு என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. தே, இலை என்ற இரு சொற்கள் சேர்ந்துதான் அது உருவானது. இடையில் வந்த யகரம், இரண்டு உயிரொலிகளை இணைக்க வரும் உடம்படுமெய். அன்றாடம் பச்சை இலை பறிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை, பொருளை வைத்துச் சரியாகவே பிரித்திருக்கிறாள். அதைப் பாராட்டிவிட்டு, 'இப்போது வாய் எப்படிப் பிரிக்கிறது என்று பார்ப்போமா?' என்று கேளுங்கள். தே, யி, லை என்று மூன்று வரும். அந்தி சாய்ந்தால் தோட்டத்துக்குள் வந்து நிற்கும் காட்டெருமையும் அப்படியே: பொருள் காடும் எருமையும், வாய் பிரிப்பதோ காட், டெ, ரு, மை. பொருள் பிரிப்பும் ஒலிப் பிரிப்பும் வேறு வேறு விளையாட்டுகள் என்று பழகிவிட்டால், நாளைக்குச் சொற்கள் சேரும் விதத்தைச் சொல்லும் புணர்ச்சி இலக்கணம் படிக்கும்போது அவளுக்கு அது புதிதாக இராது.

கண்ணுக்கு வரும் இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 'கோத்தகிரி'யின் முதல் எழுத்து ஒன்றுதான் என்றாலும், பார்வைக்கு இரட்டைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று உருவங்களாக நிற்கிறது. சில பிள்ளைகள் அவற்றையும் எண்ணிவிடுவார்கள். 'வௌவால்' இதைவிட மோசம். ஔகாரக் குறியின் பின்பாதி ளகரம் போலவே இருப்பதால் 'வெளவால்' என்று மூன்று தட்டு தட்டுவார்கள். அதற்கு இரண்டே தட்டு. இத்தகைய சொற்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவதற்குப் பட்டாணியைப் போல வசதியானது இல்லை. உரிக்கும்போதே பாடமும் நடந்துவிடும். ஒரு தட்டுக்கு ஒரு பட்டாணி என்று வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். பிறகு சிலேட்டில் சொல்லை எழுதி, ஒவ்வொரு தட்டுக்கும் கீழே பிறை போல ஒரு வளைவு போடச் சொல்லுங்கள். வளைவின் எண்ணிக்கையும் பட்டாணியின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். நரி, மலை, கதவு என ஒற்றில்லாத சொற்களில் சில நாள், மரம், வயல், தேன் என ஈற்றில் ஒற்று வருவனவற்றில் சில நாள், அதன்பிறகு நடுவில் ஒற்று வரும் சொற்கள். இந்த மூன்றாம் படியில் அவசரப்படாமல் நின்று, 'எடு, எட்டு', 'பாடு, பாட்டு', 'படம், பட்டம்' என்று இணை இணையாகச் சொல்ல வையுங்கள். 'எடு'வுக்கும் இரண்டு தட்டு, 'எட்டு'க்கும் இரண்டு தட்டு. ஆனால் 'எட்' என்ற முதல் தட்டில் நாக்கு மேலே போய் அடைத்துக்கொள்கிறது. இந்த அடைப்பைக் கேட்கப் பழகிய குழந்தை 'பள்ளி'யைப் 'பளி' என்று எழுதாது. எழுத்துப் பிழைகளில் பாதி, புள்ளி எழுத்தை விழுங்குவதால் வருவதுதான் என்பது என் அனுபவம். இவை படிந்தபின் 'வாழ்க்கை', 'பார்த்தாள்', 'வேர்க்கடலை' போல இரண்டு ஒற்றுகள் அடுத்தடுத்து வரும் சொற்கள். ய், ர், ழ் என்ற மூன்றை அடுத்து மட்டுமே இப்படி இன்னோர் ஒற்று வரும். இரண்டுமே முன்னெழுத்தோடு சேரும்: வாழ்க், கை.

ஒரு நாள் மலை ரயிலில் குன்னூரிலிருந்து உதகை வரை அழைத்துச் செல்ல வாய்த்தால் அதைவிட நல்ல பாடம் இல்லை. குன்னூர் இரண்டு, வெலிங்டன் மூன்று, அருவங்காடு ஐந்து, கேத்தி இரண்டு, லவ்டேல் இரண்டு, உதகமண்டலம் ஆறு. வெலிங்டனை 'வெல்லிங்டன்' என்று எழுதுவோரும் உண்டு; எழுத்து ஒன்று கூடினாலும் தட்டு மூன்றேதான் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். 1908ஆம் ஆண்டு உதகை வரை நீட்டப்பட்ட அந்தப் பாதையில் வண்டி அவசரமே இல்லாமல் போகிறது. ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அடுத்த பெயரைத் தட்டிப் பார்க்க வேண்டிய நேரம் கிடைக்கும்.

பேச்சு வழக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'இருக்கிறது' என்று எழுதிக் காட்டினால் அதற்கு ஐந்து தட்டு. வீட்டில் நாம் சொல்லும் 'இருக்கு' மூன்றே தட்டு. காதால் கேட்டுத் தட்டும்போது பேச்சுச் சொல்லையும், பார்த்துப் படித்துத் தட்டும்போது அச்சிலுள்ளதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே அமர்வில் கலக்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டியதில்லை. 'க்', 'ஆ' சேர்ந்தால் 'கா' என்று எழுத்தையே உடைத்துக் காட்டும் பாடம் இப்போதைக்கு வேண்டாம். சொல்லைத் தடையின்றிப் படிக்க வந்த பிறகு அது ஒரே வாரத்தில் விளங்கிவிடும்.

அச்சுத் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒரு கொசுறு: குறுகிய பத்தியில் சொல் மடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது, புதிய வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது என்பது எங்கள் மெய்ப்புத் திருத்தத்தின் பழைய வழக்கம். நாளிதழைக் கொடுத்து, அந்த வழக்கம் மீறப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களின் தவறைப் பிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் மகிழ்ச்சியே தனி.

கேள்வி: பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறேன். ஏழு வயது மகனுக்கு வீட்டில் தமிழும் ஆங்கிலமும் கற்பிக்கிறோம். தமிழ்ச் சொற்களைச் சரியாகப் பிரிக்கிறான். ஆங்கிலத்தில் 'பஸ்' என்றால் இரண்டு, 'ஸ்கூல்' என்றால் மூன்று என்று தட்டுகிறான். என்ன செய்வது?
ஒரு தந்தை, கொடைக்கானல் வட்டம்.

பதில்: அவன் காது தமிழ்க் காது, அதில் குறை ஒன்றும் இல்லை. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. அதனால் முன்னால் ஓர் இகரத்தையும் பின்னால் ஓர் உகரத்தையும் சேர்த்து 'பஸ்ஸு', 'இஸ்கூலு' என்று நாம் ஒலித்துப் பழகிவிட்டோம். பையன் கேட்டதைக் கேட்டபடியே தட்டுகிறான். வீட்டில் பெரியவர்கள் அந்தக் கடைசி உகரத்தை விடாதவரை அவனும் விடமாட்டான்.

ஆங்கிலத்தில் எண்ண வேண்டியது உயிரொலிகளை மட்டுமே. எழுதப்படும் உயிரெழுத்துகளை அன்று. 'பஸ்', 'ஸ்கூல்', 'மில்க்', 'கேக்' எல்லாமே ஒரு தட்டு. 'கேக்'கில் கடைசியாக எழுதப்படும் உயிரெழுத்து ஒலிப்பதே இல்லை என்பதை ஒரு முறை காட்டினால் போதும். தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னால், ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை இறங்கிக் கையைத் தொடும். 'கேரட்' இரண்டு, 'பொட்டேட்டோ' மூன்று. ஆனால் 'கிளி' போல இகரம் மிகுந்த சொற்களில் தாடை அசைவதே தெரியாது என்பதால், இதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். கைதட்டலோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

தமிழ்ப் பாடத்தைக் காலையிலும் ஆங்கிலப் பாடத்தை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக் காட்டும்போது, 'பஸ்' என்பதன் இறுதியில் காற்று பற்களுக்கிடையே சீறி அப்படியே நிற்கட்டும். அதன்பின் உதடு குவிந்தால் அங்கே உகரம் நுழைந்துவிட்டது என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.