ஜார்ஜ்டவுன் கடலோரம் யாருக்கு?

கேள்வி: ஐயா, பினாங்கு ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் உயரமான ஹோட்டல்கள் வந்தால் வேலையும் வருமானமும் பெருகும் அல்லவா? பழைய கட்டடங்களைக் காட்டி அவற்றைத் தடுப்பது நியாயமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வருமானம் தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2008இல் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இணைத்தது ஓரிரு அழகிய மாளிகைகளுக்காக அன்று. துறைமுகத்தை நம்பி வளர்ந்த கடைவீடுகள், படகுத்துறைக் குடியிருப்புகள், குயின் தெரு மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகியவை அடுத்தடுத்து நின்று இன்றும் புழக்கத்தில் இருப்பதற்காகவே. முன்பே ஒப்புதல் பெற்றிருந்த உயர்மாடி ஹோட்டல் திட்டங்களால் அந்தத் தகுதியே பறிபோகுமோ என்ற அச்சம் அப்போது எழுந்ததும், மரபுடைமை மையப் பகுதியில் 18 மீட்டர் உயர வரம்பு வலியுறுத்தப்பட்டதும் நினைவிருக்கலாம்.

உயரத்தைவிட வாடகைதான் எனக்குப் பெரிய கவலை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000இல் முடிவுக்கு வந்தபின், தலைமுறைகளாக அங்கு தொழில் செய்த பலர் வெளியேற நேர்ந்தது. கட்டடம் தப்பினாலும் மாலை கட்டுபவரும் தையற்காரரும் போய்விட்டால் பயணிகள் எதைப் பார்க்க வருவார்கள்?

பழுதுபார்ப்பிலும் கவனம் வேண்டும். பழைய செங்கல் சுவரின் சுண்ணாம்புப் பூச்சை எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடிப்பொடியாக உதிரும். ஆகவே பெரிய ஹோட்டல்களை மரபுடைமை எல்லைக்கு வெளியே அனுமதித்து, அவற்றிலிருந்து கிடைக்கும் வரியில் ஒரு பகுதியைச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களுக்கும், பழைய வாடகைதாரரை வைத்துக்கொள்ளும் உரிமையாளர்களுக்கும் மானியமாக வழங்க வேண்டும் என்பதே என் கருத்து.