அட்டை இருக்கிறது, 14 நாள் பார்த்தால் போதுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார். பக்கத்து வீட்டு மூன்று மாத நாய்க்குட்டியின் பல் நாலு வயது மகனின் கன்னத்தில் பட்டு ஒரு துளி இரத்தம் வந்ததாம். குட்டிக்கு ஊசி போட்ட அட்டை இருக்கிறது, விசர் வருகிறதா என்று குட்டியை 14 நாள் பார்த்தால் போதும் என்கிறார்களாம். தெருமுனை டிஸ்பென்சரியில் மகனுக்கு ஓர் ஊசியும் போட்டாயிற்று. மூன்று நாளாகிவிட்டது, இனியும் வைத்தியசாலைக்குப் போகவேண்டுமா?

போகவேண்டும், இன்றைக்கே. மூன்று நாள் பிந்தியது பிழைதான். அதற்காக வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

முதலில் அந்த டிஸ்பென்சரி ஊசி. நான் பார்த்த அளவில் அது பெரும்பாலும் ஏற்பு (டெட்டனஸ்) ஊசியாகத்தான் இருக்கும். விசர்நாய்க்கடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘ஊசி போட்டாச்சு’ என்று தாய்மாரை நிம்மதியாக அனுப்பிவைக்கிறார்களே, அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். துண்டில் மருந்தின் பெயரைப் பாருங்கள். துண்டே தரவில்லையா? விசர்நாய்க்கடி ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த அட்டை. குட்டிகளின் அட்டையில் முதலில் ஒட்டியிருப்பது பல தடவை பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வேறு நாய் நோய்களுக்கான ஊசிகளின் ஸ்டிக்கர். ரேபிஸ் (விசர்நாய்க்கடி நோய்) என்று தனியாக எழுதி, திகதியும் இருக்கவேண்டும். இருந்தாலும் மூன்று மாதக் குட்டிக்கு ஒன்றுதான் போட்டிருப்பார்கள், அதை நம்பமுடியாது. ஊசியைத் தொடங்காமல் 14 நாள் பார்த்திருப்பது வளர்ந்த நாய்க்குத்தான். அதற்கும் குறைந்தது இரண்டு தடவை ரேபிஸ் ஊசி போட்டிருக்கவேண்டும், கடைசி ஊசி ஒரு வருடத்துக்குள் இருக்கவேண்டும், நாய் சுகமாகக் கண்முன் கட்டியிருக்கவேண்டும். அட்டையைப் பார்த்து அதைச் சொல்லவேண்டியவர் டொக்டர், பக்கத்து வீட்டார் அல்ல. உங்கள் மகனுக்கு ஊசியைத் தொடங்குங்கள், குட்டியையும் பாருங்கள். 14 நாளும் அது ஓடித்திரிந்தால் மிச்ச ஊசியை நிறுத்தலாமா என்று டொக்டர் சொல்வார். செத்துப்போனால் புதைத்துவிடாதீர்கள், பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் தலையைச் சோதிப்பார்கள்.

கன்னம் மூளைக்குக் கிட்ட, கிருமி சீக்கிரம் அங்கே போய்ச்சேர்ந்துவிடலாம். தடுப்பூசி வேலைசெய்ய நாளெடுக்கும் என்பதால், இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தைக் காயத்தைச் சுற்றியே ஏற்றவேண்டிவரும். மகன் கத்துவான், இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் இரண்டும் இலவசம். வாசலில் நின்று ‘உள்ளே மருந்து முடிந்துவிட்டது, நான் எடுத்துத் தருகிறேன்’ என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். குளிரில் வைக்கவேண்டிய மருந்து அவர் பையில் எத்தனை மணிநேரம் கிடந்ததோ! உள்ளே போனால் ஒரு கவுண்டரில் துண்டு, இன்னொன்றில் பதிவு, வேறொரு கட்டடத்தில் ஊசி. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இத்தனை வரிசை ஏன் என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

புறப்படுமுன் கன்னத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் ஒன்றும் வேண்டாம். அடுத்த ஊசிகளின் திகதிகளை எழுதி வாங்குங்கள். அதில் ஒன்று போயா நாளில் விழுந்தால் எங்கே வரவேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.